பிரபஞ்சம்: சொல்லும் பொருளும், தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழக எல்லையில் உள்ள ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்துத் தடாவுக்குள் போய்விட்டால் 'பிரபஞ்சம்' சுருங்கிவிடும். கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தெலுங்குப் பத்திரிகைகள் 'பிரபஞ்ச கப்' என்றுதான் போடுகின்றன. அவர்களுக்குப் பிரபஞ்சம் என்றால் நாம் இருக்கிற இந்த உலகம். கோள், விண்மீன் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு 'விஸ்வம்'. நமக்கும் மலையாளத்துக்கும் அந்த மொத்தமே பிரபஞ்சம். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் கிளம்பும்போது தமிழ், தெலுங்கு இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மொட்டைமாடியில் நின்று பேசுகிற ஊர்ப்பக்கம் இது, குழப்பம் வராமல் இருக்குமா?

சொல் வடமொழி. 'பிர' முன்னொட்டு, 'பஞ்ச்' என்ற வேருக்கு விரிதல், பரவுதல் என்று பொருள். ஐம்பூதத்தால் ஆனது என்று 'பஞ்ச'வுக்கு விளக்கம் சொல்வாரும் உண்டு. மாண்டூக்கிய உபநிடதம் பிரபஞ்சம் அடங்கிப்போன நிலையைப் பேசுகிறது. பிரம்மம் ஒன்றே மெய் என்னும் அத்வைதிகளுக்கு அது விரிந்து காட்டும் தோற்றம் மட்டுமே. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதே சொல் 'பபஞ்ச', அதற்குப் பொருள் எண்ணங்கள் கிளைவிட்டுக்கொண்டே போவது.

'விரிவு' என்று இருப்பதால் பெருவெடிப்பு, அதாவது மிக அடர்ந்த, சூடான நிலையிலிருந்து எல்லாம் விரிந்து வந்தது என்ற கொள்கை, அப்போதே தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். வானியல் சொல்லும் விரிவு வேறு, அங்கே விரிவது விண்மீன் மண்டலங்களுக்கு இடையே உள்ள வெளி. 1917-ல் ஐன்ஸ்டைனே பிரபஞ்சம் நிலையாக நிற்கிறது என்று எண்ணி, அதற்காகச் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். 1927-ல் பெல்ஜிய இயற்பியலாளர் லெமைத்ரும் 1929-ல் அமெரிக்க வானியலாளர் ஹபிளும் விண்மீன் மண்டலங்கள் விலகிப்போவது பற்றி எழுதியவை அந்த எண்ணத்தை அசைத்தன. அநாதியா, ஆதி உண்டா என்று தர்க்கத்தில் மட்டும் நடந்த சண்டை, 1965-ல் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது அந்தச் சூடான தொடக்க நிலையின் மிச்ச ஒளி, பற்றிய செய்தி வந்தபின் அளவுகோலோடு பேசுகிற சண்டையாகிவிட்டது. பிரபஞ்சத்தின் வயது இன்றைய கணக்கில் சுமார் 1380 கோடி ஆண்டு. ஆனால் அந்த எண்ணை வைத்துக் கடவுளை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சாட்சியாகக் காட்டிப் பேசியபோது, பாதிரியாரான லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை.

சரி, தமிழ்ச் சொல்? பாடநூலில் 'பேரண்டம்'. அண்டமும் வடமொழிதான், முட்டை என்று பொருள். முட்டைக்கு ஓடு உண்டு, இயற்பியலின் பேரண்டத்துக்கோ ஓரம் என்று ஒன்று இருந்தாக வேண்டியதில்லை. தொல்காப்பியம் நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் கலந்த மயக்கத்தை 'உலகம்' என்கிறது. பொருளில் நெருங்கி வருவது அதுதான், ஆனால் இன்றைக்கு உலகம் என்றால் பூமி என்றுதானே காதில் விழும். அதனால் முட்டை ஓடு என்ற நினைப்பை மறந்துவிட்டு அறிவியலுக்குப் பேரண்டம், வேதாந்தத்துக்குப் பிரபஞ்சம் என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.