"நல்ல தண்ணிதான் ஊத்துறேன், அண்ணே!"

ஆடி மாசம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மூன்றடி மீன்தொட்டி, செடி வளர்ப்பது. உள்ளே லுட்விஜியா, ரோட்டாலா, கொஞ்சம் கிரிப்டோகோரைன் என்று நீர்ச்செடிகள். "துளிரெல்லாம் சுருண்டு சுருண்டு வருதுண்ணே, உரம் மூணு பாட்டில் மாத்திப் பாத்துட்டேன்" என்றார். என்ன தண்ணி ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "நல்ல தண்ணிதான் ஊத்துறேன், அண்ணே!"

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் 'நல்ல தண்ணி' என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது. கடலோர மணலைத் தோண்டி, ஊற்று கசியும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாக்கில் கரிக்காவிட்டால் நல்ல தண்ணி, கரித்தால் உப்புத் தண்ணி. மனிதனுக்கு இந்தக் கணக்கு போதும். தொட்டிச் செடிக்குப் போதாது. செடித் தொட்டி அமைத்துத் தருவதுதான் என் தொழில். உரக் குறை என்று என்னை அழைக்கிற வீடுகளில் பெரும்பாலும் கோளாறு உரத்தில் இருப்பதில்லை, ஊற்றிய தண்ணீரில்தான் இருக்கிறது.

கீழக்கரைத் தம்பி ஊற்றியது கேன் தண்ணீர். ஆர்.ஓ. மிஷினில் வந்தது. தொட்டியில் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைச் சொல்வது) வைத்தால் 310 காட்டியது. "முந்நூறுதானே, சரியான அளவுதானே?" என்றார். ஜி.எச்., அதாவது கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மை. அதை அளக்கும் கிட்டில் எத்தனை சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை டிகிரி. அந்தக் கிட்டை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. கால்சியமும் மெக்னீசியமும் இல்லை என்றே சொல்லலாம். கேன் தண்ணீரைத் தனியாக அளந்தால் 40. மீதி 270, தண்ணீரே மாற்றாமல் மாசக்கணக்கில் அவர் ஊற்றிவந்த உரம்! டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். மூட்டையைத் தராசில் வைத்தால் எடை தெரியும். உள்ளே இருப்பது அரிசியா உமியா என்று அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதை அவிழ்த்துக் காட்டுவது இலை. நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடியிலைதான் முதலில் வாடும். முழுக்க மஞ்சளானால் நைட்ரஜன், ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம், நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் வெளுத்தால் மெக்னீசியம் என்று சந்தேகப்படலாம். கால்சியமும் இரும்பும் போன இடத்திலேயே தங்கிவிடும். அவற்றின் குறை துளிரில்தான் தெரியும். துளிர் கோணிச் சுருண்டால் கால்சியம், வெளுத்து வந்தால் இரும்பு. கடையில் விற்கும் பல உர பாட்டில்களில் கால்சியமே கிடையாது, தண்ணீரில் இருக்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவிடுகிறார்கள். தம்பி மூன்று பாட்டில் என்ன, முப்பது பாட்டில் மாற்றியிருந்தாலும் துளிர் நிமிர்ந்திருக்காது.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் சீட்டு இதுதான். 100 லிட்டருக்கு உணவுத் தர ஜிப்சம் 9 கிராம், எப்சம் உப்பு நாலரை கிராம், ஆப்பச் சோடா 6 கிராம். ஜி.எச். ஏறக்குறைய 4 டிகிரியும் கே.எச். (பி.எச். சட்டென்று இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் அளவு) 2 டிகிரியும் வரும். ஜிப்சம் சட்டென்று கரையாது. முதல் நாள் இரவே வாளியில் போட்டுக் கலக்கி வையுங்கள். வயலுக்குப் போடுகிற ஜிப்சம் வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கோளாறு மண்டபம் ஊரில் ஒரு வீட்டில். போர் தண்ணீர், குழாயிலேயே டி.டி.எஸ். 1800. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது அரசுத் தர அளவு. ஆகவே வீட்டில் யாருக்கும் பயமில்லை. தொட்டிக்குச் சூடு ஆகாதென்று மேலே ஒரு ஃபேன் மாட்டியிருந்தார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாசம். தினமும் இரண்டு லிட்டர் வற்றும், வற்றிய அளவு போர் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கேதான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு லிட்டர் போர் தண்ணீரில் 3.6 கிராம் உப்பு, மாசத்துக்கு 108 கிராம். 150 லிட்டர் தொட்டியில் அது 720 பி.பி.எம். (லிட்டருக்கு 720 மில்லிகிராம்) ஏற்றம்! இரண்டே மாசத்தில் மீட்டர் 3200ஐத் தாண்டியிருந்தது. வாலிஸ்னேரியாவைத் தவிர எல்லாம் கரைந்துபோய்விட்டது. வற்றிய அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் அதற்கு ஆகவே ஆகாது.

அந்த வீட்டில் துளிர் வெளுக்கிறதென்று இரும்பு வேறு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு, 8க்கு மேல். ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளோடு பிணைத்து விற்கும் இரும்பு அந்தத் தண்ணீரில் நிற்காது, பிரிந்து துருவாகப் படிந்துவிடும். டி.டி.பி.ஏ.வோடு பிணைத்த வகை பி.எச். ஏழரை வரை தாங்கும். அதற்கும் மேலே என்றால் இரும்பைத் தண்ணீரில் கொட்டாமல் வேருக்கடியில் மண்ணில் புதைப்பதுதான் லாபம்.

ஒருமுறை டெஸ்ட் செய்து சீட்டில் குறித்து வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலிருந்து இழுக்க இழுக்கக் கீழே இருப்பது ஏறி வரும். சித்திரையில் இருந்த போர் வேறு, கார்த்திகையில் இருக்கும் போர் வேறு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் கால்சியம், மெக்னீசியம், குளோரைடு என்று பிரித்துத் தருவார்கள். அதில் வரும் கடினத்தன்மையை 17.8ஆல் வகுத்தால் நம் ஜி.எச். டிகிரி.

இனி, நான் செய்த தப்பு. ராமநாதபுரத்திலேயே ஒரு வீடு. ஆர்.ஓ. தொட்டி, கே.எச். பூஜ்ஜியம், பி.எச். 6க்கும் கீழே இறங்கியிருந்தது. அம்மோனியா டெஸ்டில் பச்சை அடர்த்தியாக ஏறியது, ஆனால் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கே.எச். இல்லாததுதானே குறை என்று பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அந்த வீட்டம்மா போன் செய்தார். அவர் திட்டக்கூட இல்லை, "எல்லாம் மிதக்குது தம்பி" என்றார்.

நடந்தது இது. பி.எச். அவ்வளவு இறங்கினால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா சோர்ந்துவிடும். ஆனால் சேரும் அம்மோனியாவும் அம்மோனியம் என்ற சாதுவான உருவில் கிடக்கும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷமில்லை. 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல். நான் ஊற்றிய போர் தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பிவிட்டது. அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் அதே ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அம்மோனியாவை இறக்க வேண்டும். கே.எச். அதற்குப் பிறகு, மெதுவாக.

அழகுக்கென்று கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளப்பாறைக் கல்லும் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கரைந்து கரைந்து கே.எச்.சையும் பி.எச்.சையும் ஏற்றும். எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். பவளம் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. செத்த கல்தானே என்று எடுத்தாலும் வழக்குதான்.

கீழக்கரைத் தொட்டிக்கு ஆறு வாரம் கழித்துப் போனேன். "பழைய இலை இன்னும் அப்படியே இருக்கே" என்று தம்பிக்குக் குறை. கோணிய இலை நிமிராது, வெட்டிவிடுங்கள், துளிரை மட்டும் பாருங்கள் என்றேன். துளிர் நேராகத்தான் வந்திருந்தது. ஐப்பசி பிறந்ததும் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடிக்க ஒரு டிரம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு மழையை விட்டுவிட வேண்டும். கடற்காற்று கொண்டுவந்து மாடியில் படியவைத்த உப்பெல்லாம் அதில்தான் கழுவிப் போகும்.