ஃபிலிபஸ்டர் என்றால் நெடும்பேச்சு இல்லை

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் முன்மொழியும் நீதிபதியை எதிர்க்கட்சி "நெடும்பேச்சு நடத்தித் தடுத்துவிடலாம்" என்று ஒரு செய்திக் காணொளியில் கேட்டேன். இத்தோடு எத்தனையாவது முறையோ! அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில், ஒரு விஷயத்தை வாக்கெடுப்புக்கே விடாமல் மறிப்பதற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். அதைத்தான் நெடும்பேச்சு என்கிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. சொல்லும் தப்பு, சேதியும் தப்பு.

ஃபிலிபஸ்டர் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டச்சு மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த சொல், ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1850களில், ஆள் திரட்டிக்கொண்டு அயல்நாட்டில் புகுந்த அமெரிக்கர்களுக்கு அந்தப் பெயர். நிகரகுவாவில் தன்னைத்தானே அதிபராக்கிக்கொண்ட வில்லியம் வாக்கர் அந்த ரகம். அப்புறம் அவை நடவடிக்கையை மறிப்பவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. வேரில் வழிப்பறிதான் இருக்கிறது, பேச்சு இல்லை.

நெடும்பேச்சுக்காரர்கள் உடனே 1957-ஐக் காட்டுவார்கள். குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) சட்ட முன்வரைவை எதிர்த்து செனட் உறுப்பினர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களையெல்லாம் எடுத்து வாசித்தார். சரி, என்ன ஆயிற்று? அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது. பேச்சு நீண்டது, மறிப்பு நடக்கவில்லை. இன்றைக்கோ நேர்மாறு. யாரும் மணிக்கணக்கில் நின்று தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை. எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிவித்தாலே போதும், விவாதத்தை முடிக்க 100 பேரில் 60 பேரின் வாக்கைத் தேடிப் பிடிப்பது மறுதரப்பின் பாடு. 1975-க்கு முன் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் நடப்பதற்கு நெடும்பேச்சு என்று பெயர் வைத்தால், மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்தார், அவையைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நீதிபதி விஷயத்தில் அந்த ஆயுதமே இப்போது இல்லை. 1968-இல் ஏப் ஃபோர்டஸ் தலைமை நீதிபதி ஆவதை இப்படித்தான் மறித்தார்கள். 2013-இல் ஹாரி ரீட் தலைமையில் ஜனநாயகக் கட்சியினர், உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றாக்கினார்கள். 2017-இல் மிட்ச் மெக்கானல் தலைமையில் குடியரசுக் கட்சியினர் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். நீல் கோர்சச் 54-45 என்ற வாக்குக் கணக்கில் உச்ச நீதிமன்றத்துக்குள் போனார். இந்த விதிமாற்று உத்திக்கு அங்கே வழங்கும் "நியூக்ளியர் ஆப்ஷன்" என்ற பெயரை "அணு விருப்பம்" என்று ஒருவர் பெயர்த்திருந்தார். காதல் கவிதைத் தலைப்பு மாதிரி இருக்கிறது. "நீதிபதியை உறுதிசெய்தது செனட்" என்பதும் அப்படியே. ரயில் டிக்கெட்டா உறுதியாவதற்கு? செனட் தருவது ஒப்புதல்.

என் கணக்கில் ஃபிலிபஸ்டருக்கு "வாக்கெடுப்பு மறிப்பு" சரி. பேசி மறித்தாலும் பேசாமல் மறித்தாலும் பொருந்தும். சாலை மறியல், ரயில் மறியல் போல "அவை மறியல்" என்றே வைக்கலாமே என்றார் நண்பர். எனக்கும் ஆசைதான். ஆனால் இலங்கையில் மறியல் என்றால் சிறை. "நியமனம் செனட்டில் மறியலில் இருக்கிறது" என்று எழுதினால், யாழ்ப்பாணத்து வாசகர் பிணை கிடைத்ததா என்று கேட்பார்.