‘வேற சீட்டு எடுக்கலாமா, அக்கா?’

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் கிளி ஜோசியக்காரரைப் பார்த்திருப்பீர்கள். கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வரும், ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போடும், நெல்லைக் கொத்திக்கொண்டு உள்ளே போய்விடும். எடுத்த சீட்டு பிடிக்கவில்லை என்று இன்னொன்றை அது தேடுவதில்லை. நாம்தான் தேடுவோம்.

நான் கோலாலம்பூரில் உரிமம் பெற்ற கவுன்சலர். சிலரோடு பேசும்போது மட்டும் டாரட் என்ற படச் சீட்டுக் கட்டை எடுப்பேன். இது ஜோசியமும் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். வாய் திறக்கத் தயங்குகிறவர் முன்னால் ஒரு படத்தை வைத்தால் பேச்சு வரும், அவ்வளவுதான். முஸ்லிம்களிடம் இந்தக் கட்டை எடுப்பதே இல்லை. சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று யோசிக்கிற நம்மவர்களுக்குப் பழைய காலண்டர் படங்களே போதும்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத்தான் பிறந்தது. இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் ரைடர்–வெயிட் கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. அதில் 78 சீட்டுகள். வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் ஏழு வாள் சீட்டு என்றால் ஏழு வாள்தான் இருக்கும், ஆள் இருக்காது. இவர் எண் சீட்டிலும் மனிதர்களை நடமாட விட்டார். என் வேலைக்கு உதவுவது அந்த மனிதர்கள்தான்.

ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார். கணவருக்குத் தெரியாது. “ரெண்டாயிரம் வெள்ளிதான்” என்றார். ராத்திரி தூக்கமில்லை என்று சொல்லித்தான் வந்திருந்தார், பணக் கதை மூன்றாவது வாரம்தான் வெளியே வந்தது.

அவர் எடுத்தது ஏழு வாள். கூடாரங்களை விட்டு ஒருவன் நுனிக்காலில் நழுவிக்கொண்டிருப்பான். கையில் ஐந்து வாள், பின்னால் மண்ணில் குத்தி நிற்பவை இரண்டு. தலை மட்டும் திரும்பிப் பார்க்கும். பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வேற சீட்டு எடுக்கலாமா, அக்கா?” என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் கட்டை வைத்திருக்கிறேன் என்றே சொல்லலாம். எடுக்க வேண்டாம் என்றேன். அர்த்தம் சொல்லவில்லை, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாவம், எல்லாத்தையும் எடுக்கல. ரெண்டை விட்டுட்டுத்தானே போறான்” என்றார். அப்புறம் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

கட்டோடு வரும் கையேட்டைத் திறந்திருந்தால் ‘வஞ்சகம், களவு’ என்று படித்திருப்பார், தலையாட்டியிருப்பார், வீட்டுக்குப் போயிருப்பார். கையேட்டு வரிகள் யாருக்கும் பொருந்தும். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. 39 மாணவர்களுக்கு, இது உனக்கென்றே எழுதியது என்று சொல்லி, ஒரே குணச்சித்திரத்தைக் கொடுத்தார். வரிகளில் பெரும்பாலானவை ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. துல்லியத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக 5க்கு 4.26!

அதனால் வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு சீட்டு. கையேட்டைத் தொடும் முன் நாலு வரி எழுதுங்கள். யார் இருக்கிறார், என்ன செய்கிறார், எது உறுத்துகிறது. கேள்வியிலும் கவனம் வேண்டும். ‘அவர் என்னிடம் பொய் சொல்கிறாரா?’ என்று கேட்டால் சீட்டை அடுத்தவர் வீட்டு ஜன்னலாக்கிவிடுகிறீர்கள். ‘நான் எதைச் சொல்லாமல் இருக்கிறேன்?’ என்று கேளுங்கள். ஆரக்கிள் கார்டு என்று விற்கும் வேறு வகைப் படச் சீட்டு இதற்கு அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம். பலவற்றில் படத்தின் கீழேயே ‘நம்பிக்கை’, ‘அன்பு’ என்று அச்சடித்திருப்பார்கள், மனசு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டுதான் கையில் இருக்கிறது என்றால் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் லேசுப்பட்டவள் இல்லை. சர்க்கரை அளவு ஏறியதைப் பினாங்கில் இருக்கும் மகனிடம் சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை சந்திரன் சீட்டு வந்தது. மாற்றி எடுத்தேன். மறுபடி மாற்றினேன். மூன்றாவது சூரியன். ‘ஆகா’ என்று கட்டை மூடிவிட்டு, கோப்பியில் சீனி போட்டுக் குடித்தேன்.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை எடுக்கத் தோன்றினால், சீட்டு உங்களுக்கு மட்டும் கட்டளையிடுகிறது என்று பட்டால், கட்டை மூடிவைத்து ஒரு மருத்துவரையோ கவுன்சலரையோ பாருங்கள். மலேசியாவில் கவுன்சலராக வேலை செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம். ‘தோஷம் தெரியுது, பரிகாரத்துக்கு ஐந்நூறு வெள்ளி’ என்று பேச்சு ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. எல்லா வீட்டிலும் உண்மையை உடனே போட்டு உடைக்க முடியாது. அடி, மிரட்டல் இருக்கிற வீட்டில் முதலில் பாதுகாப்பு, மற்றது அப்புறம். அப்படிப்பட்டவர்கள் மலேசியாவில் 15999, தாலியான் காசிஹ் என்ற அரசு உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அந்த அம்மாவிடமும் இதைத்தான் முதலில் விசாரித்தேன். அவர் கணவர் கோபக்காரர், கை நீட்டுகிறவர் இல்லை.

அடுத்த வாரம் வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை, அவரே ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த கணவரின் முதுகைப் பார்த்தபடி சொன்னாராம். அவர் திரும்பவில்லையாம். குழாயை மூடாமலே நின்றுவிட்டு, “மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறார்.

“நாலாயிரம்னு சொல்லிட்டேன், அக்கா.”