இழுப்பறையின் அடிப்பலகை: எங்கே இறுக்குவது, எங்கே விடுவது

மழைக்காலத்தில் இழுப்பறை சிக்கிக்கொண்டால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது பக்கப்பலகைகளைத்தான். இழைப்புளியை எடுத்து இரண்டு பக்கமும் நாலு சீவு சீவிவிடுவார்கள். வெயில் ஏறியதும் அதே இழுப்பறை லொடலொடவென்று ஆடும். பல நேரம் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும் பலகை. மூலையில் ஒரு பலகையின் விசிறி வடிவ வால்கள் மற்றதன் குழிகளில் கோத்து நிற்கும், பட்டறையில் டவ்டெயில் என்று சொல்லும் புறாவால் மூட்டை மயிரிழை பிசகாமல் வெட்டியிருக்கலாம். அடிப்பலகையைத் தப்பாகப் போட்டிருந்தால், அது உப்பி அந்த மூட்டையே நெம்பிவிடும்.

மரத்தின் செல் சுவர்கள் நுண்ணிய செல்லுலோஸ் இழைகளால் ஆனவை. இந்த இழைகள் பெரும்பாலும் தண்டின் நீளவாக்கிலேயே கிடக்கின்றன. காற்றில் ஈரம் கூடும்போது நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகின்றன. விலகல் பக்கவாட்டில்தான் நடக்கும். அதனால் பலகையின் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலம் மட்டும் கூடிக் குறைகிறது. அதிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

முகத்தில் மலைமலையாக ரேகை தெரியும் தேக்குப் பலகை ஒன்று, 400 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் சுமார் 3 மி.மீ. மாறும். அதே தேக்கை நேர்க்கோடாக ரேகை வரும்படி அறுத்திருந்தால் ஒன்றரை மி.மீ. சொச்சம். சிவப்பு ஓக் மரமென்றால் கிட்டத்தட்ட 6 மி.மீ. மரம் உப்பும்போது பிறக்கும் விசையை எந்தப் பசையாலும் ஆணியாலும் நெடுநாள் தாங்க முடியாது. மரம் நகரட்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டும்.

அதனால்தான் அடிப்பலகையின் ரேகை, அதாவது மரநார் ஓடும் திசை, இடமிருந்து வலமாக இருக்க வேண்டும். அப்போது பலகை முன்பின்னாக மட்டுமே உப்பும், பக்கப்பலகைகளைத் தொந்தரவு செய்யாது. ரேகையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் 3 மி.மீ. உப்பல் நேராகப் பக்கப்பலகைகளைத் தள்ளும். கட்டுரையின் தொடக்கத்தில் சிக்கிய இழுப்பறை இதுதான். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மேசை நாற்காலிப் பட்டறைகளில் ரேகை முன்பின்னாக ஓட, அடிப்பலகையை ஆணியடித்துப் பொருத்துவது சாதாரணம். 18ஆம் நூற்றாண்டில்தான் அதைக் குறுக்காகத் திருப்பும் வழக்கம் நிலைத்தது.

பலகை உட்கார இரண்டு பக்கப்பலகைகளிலும் முகப்பலகையிலும் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்ட வேண்டும். பின்பலகையில் காடி கிடையாது. அதன் அடிவிளிம்பு காடியின் மேல்விளிம்போடு சமமாக நின்றுவிடும், அடிப்பலகை அதற்குக் கீழே பின்னாலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பக்கப்பலகை 12 மி.மீ. தடிமன் என்றால் காடி 6 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழம் போதும். பாதித் தடிமனுக்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது. காடியின் கீழ்விளிம்பு பலகையின் அடியிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். அந்த 8 மி.மீ. கீழுதடுதான் உள்ளே வைக்கும் பாரம் முழுவதையும் சுமக்கிறது. அதைக் குறைத்தால் ஒருநாள் நீளமாகப் பிளந்து விழும்.

இந்தக் காடி எங்கே ஓடுகிறது என்பதைப் புறாவால் மூட்டின் வால்களை வரைவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். முகப்பலகையில் காடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினால், அது கடைசியில் ஒரு வாலின் குழிக்குள் போய் முடிய வேண்டும். அப்போதுதான் பக்கப்பலகையின் வால் உள்ளே இறங்கி அதை மறைக்கும். காடி வாலுக்குப் பதில் இரு வால்களுக்கு நடுவே நிற்கும் முளையை அறுத்துக்கொண்டு போனால், இழுப்பறையை வெளியே இழுக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை பல்லிளிக்கும். மேலே சொன்ன அளவில் காடி 8 முதல் 14 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே அடியிலுள்ள வால், தன் மிகக் குறுகலான இடத்திலும் அந்த 6 மி.மீ.யை முழுசாக மூடும்படி வரைய வேண்டும். எல்லாப் பலகைகளிலும் அளவை அடிவிளிம்பிலிருந்தே எடுங்கள். ஒன்றில் மேலிருந்தும் இன்னொன்றில் கீழிருந்தும் கோடு கிழித்தால் மூலையில் காடிகள் சந்திக்காது.

அடிப்பலகை 9 மி.மீ. தடிமன், காடியோ 6 மி.மீ. அதனால் முன்விளிம்பையும் இரு பக்க விளிம்புகளையும் அடிப்பக்கத்தில் மட்டும், சுமார் 35 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும். பின்விளிம்பைத் தொட வேண்டியதில்லை. சரிவு என்பது ஆப்பு மாதிரிதான். சீவல் போதாவிட்டால் பலகை காடியின் அடிவரை போகாமல் பாதியில் இறுகிவிடும். சுத்தியலால் தட்டினால் கீழுதடு தெறிக்கும். இதற்கு எளிய சோதனை உண்டு. அதே அமைப்பில் காடி வெட்டிய ஒரு விரல் நீளத் துண்டுக்கட்டையை விளிம்பில் மாட்டி, மூன்று பக்கமும் ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் இரண்டு சீவல். விரல் அழுத்தத்தில் நகர வேண்டும், ஆனால் கடகடக்கக் கூடாது.

பக்கவாட்டு அளவில் கருமித்தனம் வேண்டாம், தாராளமும் வேண்டாம். உள் அகலம் 400 மி.மீ., இருபுறக் காடி ஆழம் 10 மி.மீ. என்றால் பலகை 409 மி.மீ. 410-ஐ ஒரு மி.மீ. தாண்டினாலும் பக்கப்பலகைகள் நடுவில் வெளியே வளையும், இழுப்பறை பாதித் தூரம் சுகமாகப் போய்த் திடீரென்று இறுகும். பலகையின் மூலைகள் அச்சு செங்கோணமாக இருக்கட்டும். பசை காய்வதற்குள் பலகையை வழுக்கி உள்ளே தள்ளினால் சட்டத்தையும் அதுவே நேர்ப்படுத்திவிடும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டிலிருந்து பிதுங்கிய பசை காடிக்குள் இறங்கியிருந்தால் ஈரத்தோடேயே வழித்தெடுக்க வேண்டும். காய்ந்தபின் அது பலகையைச் சிறைப்பிடித்துவிடும். பலகையும் பின்னொரு நாள் நடுவில் பிளக்கும். பக்க விளிம்புகளில் கொஞ்சம் மெழுகு தேய்ப்பது நல்லது.

இனி பிணைப்பு. முன்விளிம்பின் நடுவில் மட்டும் ஒரு விரற்கடை அளவு பசை. பக்கங்களில் ஒரு சொட்டும் கூடாது. முன்னால் பிடிமானம் இல்லாவிட்டால் பலகை காயும்போது முகப்பலகையின் காடியிலிருந்து நழுவி, உள்ளே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். பின்னால் 4 மி.மீ. திருகாணி ஒன்று, வாஷரோடு, கீழிருந்து பின்பலகைக்குள் ஏறும். அதற்கான துளை உருண்டையாக இருக்கக் கூடாது. பின்விளிம்பிலிருந்து உள்நோக்கி 12 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலத்தில் வாய் திறந்த நீள்துளையாக வெட்டுங்கள். திருகாணி எங்கே நிற்க வேண்டும் என்பது பருவத்தைப் பொறுத்தது. வறண்ட காலத்தில் பொருத்தினால் பலகை இனிமேல்தான் பின்னோக்கி உப்பும். ஆகவே துளையின் மூடிய முனைக்கும் திருகாணிக்கும் நடுவே நாலைந்து மி.மீ. விடுங்கள். ஈரக் காலத்தில் பொருத்தினால் மூடிய முனையை ஒட்டியே நிறுத்தலாம், பலகை இனிச் சுருங்கத்தான் போகிறது. திருகாணியை முழு வலுவோடு முறுக்காதீர்கள். வாஷர் பலகையை நசுக்கிப் பிடித்தால் நீள்துளை இருந்தும் பயனில்லை.

அலமாரியின் முதுகுப்பலகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இழுப்பறை முழுதாக மூடியிருக்கும்போது அடிப்பலகையின் பின்விளிம்புக்கும் முதுகுக்கும் இடையே உப்பலைவிடக் கூடுதலான இடம் தேவை. இல்லையென்றால் மழைக்காலத்தில் பலகை முதுகில் முட்டி, முகப்பு இரண்டு மி.மீ. வெளியே துருத்தி நிற்கும்.

பிளைவுட்டுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. அடுக்குகளின் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது மிகக் குறைவாகவே நகரும். சுற்றிலும் பசை போடலாம், சட்டமும் விறைப்பாகும். ஒரே சிக்கல், 6 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கும். கையிலிருக்கும் தகட்டை அளந்து அதற்கேற்பக் காடி வெட்டாவிட்டால் தடதடக்கும்.

இழுப்பறை 600 மி.மீ.க்கு மேல் அகலமானால் பலகை தொய்ய ஆரம்பிக்கும். தடிமன் மாறாமல், சதுர அடிக்கு அதே பாரத்தில் அகலம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு. நடுவில் முன்பின்னாக ஒரு காடிச் சட்டம் கொடுத்து இரண்டு சிறு பலகைகளாகப் பிரிப்பதே சரி.

பழைய இழுப்பறையில் முன்பக்கம் இடைவெளி விழுந்திருந்தால் புதுப்பலகை தேடி அலைய வேண்டாம். திருகாணியைக் கழற்றி, பலகையை முகப்பலகையின் காடி வரை முன்னுக்குத் தள்ளுங்கள். பின்னால் குறையும் அளவுக்கு அதே மரத்தில் ஒரு பட்டையை, அதே ரேகைத் திசையில் ஒட்டுங்கள். நீள்துளையை அந்தப் பட்டையில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.