துணிப்பொம்மை பூசிய வண்ணம்

வாசகர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பியிருந்தார். 1690களில் ஹாலந்தில் அச்சான ரோமானியச் சிலை. உடல் பழுப்பு, தரை பச்சை, வானம் நீலம். "செப்புத் தகட்டு அச்சு என்றால் கறுப்பு மைதானே? இது கையால் தீட்டியதா?" என்பது கேள்வி.

ஒரு லென்ஸ் இருந்தால் போதும். கையால் தீட்டியிருந்தால் கறுப்புக் கோடுகளின் மேல் சாயம் படர்ந்திருக்கும். இதிலோ கோடே நீலம், கோடே பழுப்பு. இடைவெளியில் வெறும் காகிதம். அதாவது, நிறம் அச்சிலேயே விழுந்திருக்கிறது. யோஹான்னஸ் டெய்லரின் முறை இது. நெதர்லாந்தின் நைமேகன் ஊர்க்காரர், கணித ஆசிரியர், ராணுவப் பொறியியலும் தெரிந்தவர். இத்தாலிக்குப் போய்வந்து, 1688இல் வண்ண அச்சுக்குத் தனியுரிமை வாங்கினார்.

பள்ளியில் வெண்டைக்காயை வெட்டி அச்சுக் குத்தியிருப்பீர்கள். அதில் மேடுதான் மையை ஏந்தும். செப்புத் தகட்டில் பள்ளம் ஏந்துகிறது. கோடு கீறி, மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் நசுக்கினால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஈரக் காகிதம் நீளும், காய்ந்தால் சுருங்கும். நிறத்துக்கு ஒரு தகடு என்று வைத்தால் இரண்டாவது தகடு சரியாக உட்காருவது கடினம். சிவகாசியில் 'ரெஜிஸ்டர் விலகிடுச்சு' என்பார்களே, அதேதான்.

டெய்லர் ஒரே தகட்டில் எல்லா நிறத்தையும் வைத்தார். கந்தலைச் சுருட்டிக் குட்டி உருண்டையாகக் கட்டி, நிறத்துக்கு ஒன்றாக, அந்தந்த இடத்தில் ஒற்றுவது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த உருண்டையைப் பொம்மை என்றே அழைக்கிறார்கள். ஒற்றுவது எளிது, துடைப்பதில்தான் ஆள் மாட்டுவார். ஒரே துணியால் இழுத்தால் எல்லாம் சேறு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் துணி, எல்லையை நெருங்கும்போது கை மெதுவாக வேண்டும். ஓர் ஓவியப் பட்டறையில் அஞ்சலட்டை அளவுத் தகட்டில் மூன்று நிறம் வைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆனது. வானம் சாக்கடை நிறத்தில் வந்தது. டெய்லர் பட்டறையிலும் எல்லையில் கொஞ்சம் கலக்கத்தான் செய்தது. ஒரே கோடு நீலமாகத் தொடங்கிப் பழுப்பாக முடிவதை லென்ஸில் பார்க்கலாம். எனக்கு மிகப் பிடித்த இடம் அது. ஒவ்வொரு பிரதிக்கும் முதலிலிருந்து மை வைக்க வேண்டும் என்பதால் எந்த இரண்டு பிரதியும் ஒன்றல்ல.

அப்புறம் வந்தவர் பிராங்பர்ட்டில் பிறந்த அச்சுக் கலைஞர் லெ பிளோன். நியூட்டனின் ஒளி ஆராய்ச்சியிலிருந்து தூண்டுதல் பெற்று, நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். இன்றைய நான்கு வண்ண அச்சின் தாத்தா. 1719இல் இங்கிலாந்தில் காப்புரிமையும் கிடைத்தது. தகட்டைச் சொரசொரப்பாக்கி மை பிடிக்கவைக்கும் முறையை அவர் பயன்படுத்தினார். அந்தச் சொரசொரப்பு அழுத்தத்தில் சீக்கிரம் மழுங்கும். பலர் பங்கு போட்டு லண்டனில் நடந்த அவருடைய நிறுவனம் நஷ்டத்தில் கவிழ்ந்தது.

சரி, இத்தனை நடந்த பிறகு பழைய சுவரோவியங்களை வண்ணத்தில் பதிப்பித்தவர்கள் என்ன செய்தார்கள்? ரோமில் கிடைத்த ஓவியங்களைப் பார்த்தோலி என்ற இத்தாலிய ஓவியர் பதினேழாம் நூற்றாண்டில் வண்ணத்தில் நகலெடுத்து வைத்திருந்தார். 1757இல் பாரிஸில் கேலூஸ் பிரபு அவற்றை வெளியிட்டபோது, தகட்டில் வெளிக்கோட்டை மட்டும் அச்சிட்டு, வண்ணத்தைத் தூரிகையால் தீட்டவைத்தார். மொத்தம் 30 பிரதிகள்.