நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் சொன்ன பதில்: உங்கள் வாடகை ரசீதை அது எப்போது மாற்றும்?

மலேசிய மக்களவை கூடியிருக்கும் வாரங்களில் வரி பற்றி ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், மறுநாள் காலை கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். வரி வந்துவிட்டது என்பார் ஒருவர், அமைச்சரே இல்லையென்று சொல்லிவிட்டார் என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேச்சுமே அவசரப் பேச்சுதான். அமைச்சர் அவையில் தரும் பதில் ஒன்று, அரசிதழில் ஏறும் உத்தரவு வேறொன்று. இந்த வேறுபாடு தெரியாத சிறு வியாபாரி, கட்ட வேண்டாத வரியையும் கட்டிக்கொண்டிருப்பார்.

முதலில், பதில் சொல்பவர் யார் என்று பார்ப்போம். 2022 இறுதியிலிருந்து பிரதமர் அன்வார் இப்ராஹிமே நிதியமைச்சர் பொறுப்பையும் வைத்திருக்கிறார். 2023 டிசம்பரில் அமீர் ஹம்சா அசிசான் இரண்டாவது நிதியமைச்சராக நியமிக்கப்பட்டார். அவர் மேலவை உறுப்பினராகி அமைச்சரவைக்கு வந்தவர். அமைச்சராக இருப்பவர் எந்த அவையிலும் எழுந்து பேசலாம். தாம் உறுப்பினராக இல்லாத அவையில் வாக்களிக்க மட்டும் முடியாது. ஆகவே வரி பற்றிய கேள்விக்குப் பிரதமர் பதில் சொல்லலாம், இரண்டாவது அமைச்சர் சொல்லலாம், துணையமைச்சரும் சொல்லலாம். யார் சொன்னாலும் அது நிதியமைச்சின் பதில்தான். துணையமைச்சர் சொன்னதற்கு எடை குறைவு என்று நினைக்க வேண்டாம்.

மக்களவையில் 222 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவை கூடும் நாள்களில் காலை 10 மணிக்குத் தொடங்கும் முதல் அங்கமே கேள்வி நேரம். வாய்மொழிக் கேள்விகளைக் கூட்டத்தொடர் தொடங்குவதற்குப் பல நாள் முன்பே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அவசர விவகாரங்களுக்கு அமைச்சர்களின் கேள்வி நேரம் என்று தனியாக ஒன்று உண்டு. அச்சிட்ட கேள்விக்கு அமைச்சர் வைத்திருப்பது அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்த பதில். அதற்குப் பிறகு வரும் துணைக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எழுதி வைத்த தாளில் இல்லாத ஒன்றை உறுப்பினர் கேட்கும்போது, அமைச்சர் தம் துறையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். அவைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டைப் படிப்பவர்கள் முதல் பதிலைக் கடந்து துணைக் கேள்விகளை நிதானமாகப் படியுங்கள். நேரம் போதாமல் வாய்மொழிப் பதில் கிடைக்காத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அந்தப் பதில்கள் செய்தியாவது அரிது. ஆனால் மாநிலவாரிக் கணக்கும் அட்டவணையும் பெரும்பாலும் இருப்பது அவற்றில்தான்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவையின் நிலைக் கட்டளைகளில் விதிகள் உண்டு. வாதமோ கருத்தோ கற்பனையான நிலைமையோ அதில் இருக்கக்கூடாது. மலாயில் 'மிந்தா மெந்தெரி கெவாங்கான் மெஞாத்தாக்கான்' (நிதியமைச்சர் தெரிவிக்கக் கேட்கிறேன்) என்று தொடங்கும் அந்தக் கேள்விகள் தகவலைக் கேட்பவை. 'வாடகை வரியால் சிறு வியாபாரிகள் நசிந்துபோவதை அமைச்சர் அறிவாரா?' என்று கேட்டால், அரசாங்கம் மக்கள் நலனில் அக்கறை கொண்டிருக்கிறது என்ற பதிலோடு அது முடிந்துவிடும். வாடகைச் சேவை வரியாக இதுவரை வசூலானது எவ்வளவு, விலக்கு இருந்தும் வரி வாங்கப்பட்டதாகச் சுங்கத்துறைக்கு வந்த புகார்கள் எத்தனை, அவற்றில் பணம் திரும்பக் கிடைத்தவை எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். இதற்கு எண்ணைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் நழுவினால் அந்த நழுவலும் பதிவாகும். அவையைத் தவறாக வழிநடத்தியதாகக் கருதப்படுபவரை அவையின் உரிமை மீறல்களை விசாரிக்கும் உரிமைக் குழுவுக்கு அனுப்ப வழி இருக்கிறது. அதனால் எண் சொல்லும்போது அமைச்சர்கள் கவனமாகவே சொல்வார்கள்.

இனி பதிலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி. கூட்டரசு அரசியலமைப்பின் 96ஆவது பிரிவின்படி, கூட்டரசுச் சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் கூட்டரசு எந்த வரியும் விதிக்க முடியாது. வருமான வரியில் வரும் மாற்றங்களைப் பட்ஜெட்டை ஒட்டி வரும் நிதி மசோதா கொண்டுவருகிறது. அதை இரு அவைகளும் விவாதிக்கின்றன. எஸ்எஸ்டி எனப்படும் விற்பனை, சேவை வரிகள் அப்படியல்ல. அவற்றுக்கான 2018ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரி விகிதத்தையும் விலக்கையும் உத்தரவு மூலம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்திருக்கின்றன. உத்தரவு அரசிதழில் வெளிவந்து, அதில் குறித்த நாள் வந்ததும் வரி நடைமுறைக்கு வந்துவிடும்.

2025இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் எஸ்எஸ்டி விரிவாக்கத்தின் விவரங்கள் அறிவிக்கப்பட்டன. இறக்குமதிப் பழங்களுக்கு விற்பனை வரி என்றதும் எதிர்ப்பு எழுந்தது. மாத இறுதியில் ஆப்பிள், ஆரஞ்சு, மண்டரின் ஆரஞ்சு, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கு விலக்கு வந்தது. ஜூலை 1ஆம் தேதி வரி நடைமுறைக்கு வந்தது. மக்களவை அதற்குப் பிறகுதான் கூடியது. உறுப்பினர்கள் கேள்வி கேட்டபோது வரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பல லட்சம் பேரின் செலவைத் தொடும் ஒரு விரிவாக்கம், மக்கள் பிரதிநிதிகள் அதன் விவரங்களைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே தொடங்கியது சட்டப்படி சரிதான். முறைப்படி சரி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் வியாபாரிகளை அதிகம் குழப்பியது கடை வாடகைக்கான சேவை வரி. அதை ஒரு கணக்கின் வழியே பார்ப்போம். மாதம் 6,000 ரிங்கிட் வாடகை கொடுக்கும் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். 2025இல் இருந்த 8 விழுக்காடு வரியின்படி மாதம் 480 ரிங்கிட், ஆண்டுக்கு 5,760 ரிங்கிட். ஒரு பணியாளரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு அது பெரிய குறைவில்லை.

ஆனால் இந்த வரியை எல்லாக் கட்டட உரிமையாளரும் வாங்க முடியாது. அவருடைய வாடகை வருமானம் 12 மாதங்களில் 10 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் சுங்கத்துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர் மட்டுமே வரி வசூலிக்கலாம். மாதம் 6,000 ரிங்கிட் வாடகை வரும் கடை ஒன்றுக்கு ஆண்டு வருமானம் 72,000 ரிங்கிட்தான். அப்படிப்பட்ட 14 கடைகள் இருந்தால்தான் அந்த வரம்பைத் தாண்டும். இரண்டு கடைவீடுகள் மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர் 'அரசாங்கம் வரி போட்டிருக்கிறது' என்று மாத வாடகையோடு வரியும் கூட்டிக் கேட்டால், அவருடைய சேவை வரிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். எண் இல்லையென்றால் வரியும் இல்லை. வாடகையை உயர்த்த விரும்பினால் உயர்வு என்றே சொல்லிக் கேட்கட்டும். அதை வரியின் பெயரில் வாங்கக்கூடாது.

உரிமையாளர் பதிவு செய்தவராகவே இருந்தாலும், சிறிய கடைக்கு விலக்கு உண்டு. தொடக்கத்தில் ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவான வாடகைதாரர்களுக்கு அது கிடைத்தது. 2026 ஜனவரியில் பிரதமர் அந்த வரம்பை 15 லட்சமாக உயர்த்தி, வாடகை மீதான விகிதத்தையும் 8 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைப்பதாக அறிவித்தார். நம் துணிக்கடையின் ஆண்டு விற்பனை 12 லட்சம் என்றால், 2025 ஜூலை முதல் டிசம்பர் வரை அது மொத்தம் 2,880 ரிங்கிட் கட்டியிருக்கும். புதிய வரம்பின்படி எதுவும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஆண்டுக் கணக்கின் நகலை ஒரு கடிதத்தோடு உரிமையாளரிடம் கொடுத்து, விலக்கைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

விலைப்பட்டியலை மின்வழியாக வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் முறையான மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டு விற்பனை எவ்வளவுக்குக் குறைவாக இருந்தால் விலக்கு என்ற வரம்பு முதலில் 150,000 ரிங்கிட். 2025 ஜூனில் அது 500,000 ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் 10 லட்சம் ஆனது. ஓராண்டுக்கு முந்தைய அவைப் பதிலின் துண்டை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முதலில் தேதியைப் பாருங்கள். பதில் சொன்ன நாளில் அது உண்மையாக இருந்திருக்கும். இன்று உங்கள் கடைக்குப் பொருந்தாமலும் போகலாம்.

சரி, நம் கேள்வியை அவைக்கு எப்படிக் கொண்டுபோவது? உங்கள் வாக்கு எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அந்த நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு எழுதுங்கள். அவர் எந்தக் கட்சி என்பதைப் பார்க்க வேண்டாம். ஆளுங்கட்சி உறுப்பினர்களும் கேள்வி கேட்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தால் அது கூட்டரசு நிதியமைச்சைச் சேராது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் பலர் இந்த இடத்தில்தான் காலத்தை இழக்கிறார்கள். கேள்வி எந்த அமைச்சுக்கு உரியது என்பதிலும் கவனம் வேண்டும். மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா அடுத்தடுத்து அமைச்சு மாறிய அமைப்பு. அதன் செலவுக் கணக்கை நிதியமைச்சரிடம் கேட்டால், பொறுப்பான அமைச்சைக் கேளுங்கள் என்ற பதில்தான் வரும்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். என்ன நடந்தது, எந்த மாதத்தில், எவ்வளவு பணம், எந்த எண் தெரிய வேண்டும் என்பது போதும். ரசீது நகலை இணையுங்கள். அவையில் கேள்வி மலாயில்தான் போகும். மலாயிலேயே எழுதிக் கொடுத்தால் உறுப்பினரின் உதவியாளர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பாவது கடிதம் போய்ச் சேர வேண்டும். சங்கமாக எழுதினால் இன்னும் நல்லது. லெபோ அம்பாங்கில் 20 கடைகள் சேர்ந்து ஒரே கேள்வியைக் கொடுத்தால், அதை ஒதுக்கி வைப்பது எந்த உறுப்பினருக்கும் எளிதல்ல. பதில் வந்த பிறகு நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் கிடைக்கும். செய்தித்தாள் தலைப்பை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லாத விஷயங்களும் உண்டு. வருமான வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டு, பணம் திரும்ப வரவில்லை என்ற குறை சம்பளக்காரர்களிடம் அதிகம். மின்வழியாக, உரிய காலத்துக்குள் படிவம் கொடுத்தவருக்கு 90 நாள்களுக்குள்ளும், தாளில் கொடுத்தவருக்கு 120 நாள்களுக்குள்ளும் பணம் திரும்பாவிட்டால், தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 2 விழுக்காடு இழப்பீடு தர வருமான வரிச் சட்டத்தின் 111டி பிரிவு இடம் கொடுக்கிறது. வரி மதிப்பீடே தவறு என்று நினைத்தால், மதிப்பீட்டு அறிவிப்பு வந்த 30 நாள்களுக்குள் 'கியூ' (Q) படிவம் கொடுத்து மேல்முறையீடு செய்ய வேண்டும். நியாயமான காரணத்தால் அந்தக் கெடு தவறிவிட்டால், நீட்டிப்புக் கேட்க 'என்' (N) படிவம் இருக்கிறது. அமைச்சர் அவையில் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அந்த 30 நாள் நிற்காது. படிவத்தை முதலில் கொடுத்துவிட்டு, கேள்வியைப் பிறகு அனுப்புங்கள்.