புறா, ரேடியாலஜிஸ்ட், ஏஐ: மூவரும் எதைப் பார்த்துக் கற்கிறார்கள்?

மைக்ராஸ்கோப்பில் தெரியும் மார்பகத் திசுவின் படத்தைப் பார்த்து, இது புற்றுநோயா இல்லையா என்று சொல்லப் புறாக்களைப் பழக்கியிருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 2015ல் ப்ளோஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு இது. கூண்டுக்குள் ஒரு தொடுதிரை, நடுவில் திசுவின் படம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நிறத்தில் பொத்தான். சரியான பொத்தானைக் கொத்தினால் தீனி விழும், தப்பாகக் கொத்தினால் விழாது. அவ்வளவுதான் பாடம். செல் என்றால் என்ன, அதன் உட்கரு பெருத்துப்போனால் என்ன அர்த்தம் என்று யாரும் அவற்றுக்கு விளக்கவில்லை. ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி குருட்டாம்போக்கில் கொத்திக்கொண்டிருந்த பறவைகள் இரண்டு வாரங்களில் 85 சதவீதம் அளவுக்குச் சரியாகக் கொத்தின. அதுவரை பார்த்தே இராத புதுப் படங்களைக் காட்டியபோதும் ஏறக்குறைய அதே அளவு. நான்கு பறவைகளின் தீர்ப்பை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் 99 சதவீதம்.

பல பத்திரிகைகள் இதோடு நிறுத்திவிட்டன. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. அடுத்ததாக மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்-ரேயில், தெரியும் கட்டிகளைக் காட்டினார்கள், ஆபத்தில்லாத கட்டியா, புற்றுக்கட்டியா என்று பிரிக்க வேண்டும். இது தேர்ந்த டாக்டர்களுக்கே சிரமமான வேலை. புறாக்கள் இங்கே ரொம்பவே திணறின, ஆனாலும் பல வாரப் பழக்கத்துக்குப் பிறகு பயிற்சிப் படங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டன. சரி, தேறிவிட்டன என்று நினைத்துப் புதுப் படங்களைக் காட்டினால் மறுபடி குருட்டாம்போக்குதான். நோட்ஸை வரிக்கு வரி மனப்பாடம் செய்துவிட்டுக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் விழிக்கிற மாணவனின் கதைதான். பயிற்சி முறையும் தீனியும் அதேதான். முதல் வேலையில் நோயின் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டன, இரண்டாவதில் படங்களையே மனப்பாடம் செய்துகொண்டன. பயிற்சி மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

இப்போது ஆஸ்பத்திரிகளுக்குள் வந்துகொண்டிருக்கிற ஏஐ கருவிகளையும், அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டாக்டர்களையும் புரிந்துகொள்ள இந்தப் புறாக்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கற்றலின் அடிப்படைப் பொறி மூவருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு, அந்த வித்தியாசம்தான் பாடம்.

1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்களை, அதாவது நியூரான்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குரங்குக்குத் திடீரென்று பழச்சாறு கிடைத்தால் அந்த நியூரான்கள் சடசடவென்று துடிக்கும். சரி, இன்பம் வந்ததால் துடிக்கிறது என்று நினைப்போம். ஆனால் சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கியதும் கதை மாறியது. துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது, சாறு வரும்போது ஒன்றுமே இல்லை, சாறு என்னவோ அதே சாறுதான். விளக்கை எரியவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் ஏமாற்றினால், சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் நியூரான்களின் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. ஆக, அந்த நியூரான்கள் சொல்வது “நன்றாக இருக்கிறது” என்பதல்ல, “நினைத்ததைவிடக் கூடுதல்” அல்லது “நினைத்ததைவிடக் குறைவு” என்பதை. டோபமைனை இன்ப ரசாயனம் என்று எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையை ஒரு தடவை படித்துவிட்டு எழுதலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணினிக்குக் கற்றுக்கொடுக்க ரிச்சர்ட் சட்டன் என்ற கணினி விஞ்ஞானி 1988ல் எழுதி வைத்திருந்த ஒரு கணக்கு இந்தத் துடிப்புகளோடு அப்படியே பொருந்தியது. 1997ல் ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் சேர்ந்து சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்த இரண்டு துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இல்லை. ஒரே சராசரியை மட்டும் கணிக்காமல், கிடைக்கக்கூடிய பலன்களின் பரவல் முழுவதையும் கணிக்கக் கற்கும் ஒரு முறையைக் கணினிக்காரர்கள் உருவாக்கினார்கள். பிறகு எலிகளின் மூளையில் தேடிப் பார்த்தால், டோபமைன் நியூரான்களில் சில கூடுதலை எதிர்பார்க்கும் நம்பிக்கைவாதிகளாகவும் சில குறைவை எதிர்பார்க்கும் அவநம்பிக்கைவாதிகளாகவும் நடந்துகொள்வது தெரிந்தது, 2020ல் நேச்சரில் வெளியானது.

படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் இன்றைய ஏஐயின் கணக்கு வேறு மாதிரியானது, ஆனால் அதன் உயிரும் பிழைதான். உள்ளே லட்சக்கணக்கான எண்கள் இருக்கின்றன. படம் உள்ளே போய் ஒரு விடை வெளியே வரும். உண்மையான விடைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, அந்தத் தூரத்துக்கு எந்தெந்த எண் எவ்வளவு காரணம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றையும் துளித்துளி நகர்த்துவார்கள். 1986ல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பிரபலமாக்கிய முறை இது. பிழை குறைந்தால் போதும், எப்படிக் குறைந்தது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

வில்லங்கமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. 2018ல் ஜான் ஸெக்கும் அவருடைய சகாக்களும் நெஞ்சு எக்ஸ்-ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் ஒரு ஏஐ மாடலைச் சோதித்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்-ரேக்கள், எல்லாம் அமெரிக்காவின் மூன்று இடங்களிலிருந்து. நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த படங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிமோனியா, தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வந்த படங்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான். இந்த இரண்டையும் கலந்து பயிற்சி கொடுத்தால் மாடலுக்கு நுரையீரலைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எந்த ஆஸ்பத்திரிப் படம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மாடலால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததா? 99.9 சதவீதத்துக்கும் மேல் துல்லியமாக. இடப்பக்கம் எது வலப்பக்கம் எது என்று காட்ட டெக்னீஷியன் படத்தின் ஓரத்தில் வைக்கும் சின்ன உலோகக் குறி இருக்கிறதே, அது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். மாடல் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. படுக்கையிலேயே வைத்து எடுத்த படம் என்றால் நோயாளி எழுந்து வர முடியாத நிலையில் இருக்கிறார் என்று பொருள், அதுவும் மாடலுக்கு ஒரு துப்பு. பழகிய இடத்துப் படங்களில் பிரமாதமாகத் தேறிய மாடல், வெளி ஆஸ்பத்திரிப் படங்களைக் கொடுத்ததும் பல ஒப்பீடுகளில் சறுக்கியது.

மாடல் ஏமாற்றியது என்று சொல்ல மனம் வரவில்லை. கேட்ட கேள்விக்கு மிகக் குறைந்த செலவில் பதில் கண்டுபிடித்தது, அவ்வளவுதான். தோல் புற்றுநோய்ப் படங்களிலும் இதே கதை நடந்தது: சந்தேகத்துக்குரிய மச்சத்தை டாக்டர்கள் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுப்பார்கள், எனவே அளவுகோல் தெரிந்தாலே புற்றுநோய் என்ற பக்கம் சாயும் மாடல்கள் உருவாயின.

மனிதர்கள் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை நம் மூளையும் சத்தமில்லாமல் கற்றுக்கொண்டேதான் இருக்கிறது. ஜெரமி வுல்ஃபும் சகாக்களும் 2005ல் ஒரு தேடல் சோதனை நடத்தினார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது ஆட்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். பொருளும் படமும் கண்ணும் மாறவில்லை, மாறியது “இல்லை” என்று சொல்லத் துணியும் வேகம்தான். பிற்பாடு மார்பகப் பரிசோதனைப் படங்களைப் படித்து நோயைச் சொல்லும் டாக்டர்களான ரேடியாலஜிஸ்ட்களிடமும் இதையே பார்த்தார்கள். புற்றுநோய் நிறைய இருந்த தொகுப்பில் 12 சதவீதம் தவறவிட்டவர்கள், அதே படங்கள் வழக்கமான வேலையின் நடுவே அபூர்வமாக வந்தபோது 30 சதவீதம் தவறவிட்டார்கள். நிமோனியா மாடல் ஆஸ்பத்திரியின் விகிதத்தைக் கற்றதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதில் டாக்டர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. புறாவுக்குக் கொத்திய உடனே தீனி விழுந்துவிடும். அவசரப் பிரிவில் “ஒன்றுமில்லை, போய் ஓய்வெடுங்கள்” என்று அனுப்பிய டாக்டருக்கு, அந்த நோயாளி இரண்டு நாள் கழித்து வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தெரியவே போவதில்லை. பிழை நடந்திருக்கிறது, சேதி மட்டும் வந்து சேரவில்லை. அதனால்தான் இருபது வருட அனுபவம் என்பது தன்னால் இருபது வருடக் கற்றலாக மாறிவிடுவதில்லை.

சரி, இப்போது பக்கத்தில் ஏஐயைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம். என்ன ஆகும்? 2023ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 27 ரேடியாலஜிஸ்ட்களிடம் மேமோகிராம்களைக் கொடுத்து, கூடவே ஏஐயின் கருத்து என்று ஒன்றையும் காட்டினார்கள். சில இடங்களில் அந்தக் கருத்து வேண்டுமென்றே தப்பாக இருந்தது. ஏஐ சரியாகச் சொன்னபோது எல்லோருமே 80 சதவீத அளவில் சரி. அது தப்பாகச் சொன்னபோது, அனுபவம் குறைந்தவர்களின் துல்லியம் 20 சதவீதத்துக்கு விழுந்தது. மிக அனுபவசாலிகள்கூட 46 சதவீதத்தில்தான் நின்றார்கள். அனுபவம் ஓரளவு காப்பாற்றுகிறது, முழுதாக அல்ல.

இது பக்கத்தில் ஏஐ இருக்கும்போது. அதை எடுத்துவிட்டால்? 2025ல் வெளியான போலந்து ஆய்வு இதைத் தொட்டது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய அடினோமா என்ற சதை வளர்ச்சிகளை ஏஐ திரையில் கட்டம் போட்டுக் காட்டும். நான்கு மையங்கள், 2,000க்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோபிகளைச் செய்து பழகிய 19 டாக்டர்கள். ஏஐ வருவதற்கு முன் 28.4 சதவீத நோயாளிகளிடம் அடினோமாவைக் கண்டுபிடித்தார்கள். ஏஐ வந்து பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் 22.4 சதவீதம்தான். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, எனவே வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. கட்டம் வரும் என்று காத்திருக்கும் கண் தானாகத் தேடுவதில்லை, தேடாத கண்ணுக்குப் பிழையும் கிடையாது, பிழை இல்லாவிட்டால் பாடமும் கிடையாது.

அப்படியானால் தன் பிழைகளை வைத்து ஏஐயாவது கற்றுக்கொள்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆஸ்பத்திரியில் பொருத்தப்படும் கருவிகளில் அநேகமானவை அனுமதி வாங்கிய நிலையில் அப்படியே உறைய வைக்கப்பட்டவை. இதற்கு நியாயமான காரணம் உண்டு. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் பழையதை இந்த ஏஐ வலையமைப்புகள் அடியோடு மறந்துவிடும், 1989லேயே மெக்ளாஸ்கியும் கோஹனும் காட்டிய குறை இது. மூளை இதைச் சமாளிக்க, அன்றாட அனுபவங்களை ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் வைத்துக்கொண்டு, தூக்கத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து மூளையின் மேலடுக்கான புறணிக்கு மெதுவாக மாற்றுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கணினிகளிலும் பழைய உதாரணங்களைக் கலந்து ஓட்டும் உத்தி உண்டு. ஆனால் நேற்று வரை சோதித்துச் சான்றளித்த கருவி இன்று ராத்திரி தானாக மாறிவிட்டால் நாளைக்கு யார் பொறுப்பேற்பது? எந்தெந்த மாற்றங்களை எப்படிச் செய்வோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கும் வழியை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில்தான் இறுதி செய்தது.

ஏஐயே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்வீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த சோதனையில், ஏஐ துணையோடு மேமோகிராம் படித்தபோது படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்களும் ஆயிரத்துக்கு 5லிருந்து 6 ஆயின. இதைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் மனிதரும் தேற வேண்டுமென்றால் சில ஏற்பாடுகள் தேவை. டாக்டர் தன் முடிவை முதலில் பதிவு செய்துவிட்டு அப்புறம் ஏஐயின் விடையைப் பார்ப்பது ஒன்று. நேரம் கூடும், நிர்வாகத்துக்குப் பிடிக்காது. மாணவர்களுக்கு ஈசிஜி கற்றுக்கொடுக்கும்போது ஒரே நோயின் உதாரணங்களை வரிசையாகக் காட்டாமல் பல நோய்களைக் கலந்து கொடுத்தால் பின்னால் நன்றாகக் கண்டறிகிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான், படிக்கும்போது சிரமமாக இருக்கும் என்பதால் யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

விடை தெரிந்த பழைய கேஸ்களை வேலையோடு சேர்த்துக் கொடுப்பது இன்னொன்று. பிரிட்டனில் மார்பகப் பரிசோதனைப் படங்களைப் படிப்பவர்களுக்கு பெர்ஃபார்ம்ஸ் என்ற திட்டத்தின் கீழ் பல வருடங்களாக இது நடக்கிறது. 60 சிக்கலான கேஸ்கள் கொண்ட தொகுப்பு, புற்றுநோய்கள் அதில் வழக்கத்தைவிட அதிகம், படித்து முடித்ததும் எவற்றைத் தவறவிட்டோம் என்று தெரிந்துவிடும். 2023ல் அப்படிப்பட்ட இரண்டு தொகுப்புகளை ஒரு ஏஐக்கும் கொடுத்து 552 பேரோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் சராசரியாக 90 சதவீதம், ஏஐ 91. சமம் என்றே சொல்லலாம். அந்த 552 பேருக்கும் தாங்கள் கோட்டைவிட்ட கேஸ்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது.